உயிரணுவின் பூட்டும் பிராணவாயுவும்

திண்டுக்கல் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது பூட்டு. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளூராரைக் கேட்டால் பூட்டோடு நிறுத்த மாட்டார்கள். சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சின்ன வெங்காயத்தைச் சொல்வார்கள்; தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தோல் பதனிடும் தொழிலைச் சொல்வார்கள்; சிறுமலை வாழைப்பழத்தையும் விடாமல் சொல்வார்கள். மாணவ மாணவியரே, பூட்டு, வெங்காயம், தோல் ஆகிய மூன்றையும் துணைகொண்டு இன்று உங்களுக்கு ஓர் உயிரியல் உண்மையை விளக்க விரும்புகிறேன். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு எவ்வாறு உயிரை வளர்க்கிறது, அதுவே எவ்வாறு உயிருக்கு ஊறும் செய்கிறது, உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு எதனை உள்ளே விடுகிறது, எதனை வெளியே நிறுத்துகிறது என்பனவே அதன் பகுதிகள். இவை தேர்வுக்காகப் படித்து மறக்கும் செய்திகள் அல்ல. நம் சமவெளியில் சில கிணறுகள் உவர்த்துப்போனதும், அந்நீர் பாய்ந்த வயல்களில் பயிர் கருகியதும் ஏன் என்னும் கேள்விக்கு விடையும் இவற்றிலேதான் அடங்கியிருக்கிறது.

முதலில் பிராணவாயுவை எடுத்துக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 21 பங்கு, பிராணவாயு. ஆக்ஸிஜன் என்று அதனை இரசாயன நூல்கள் கூறும். சுவீடன் நாட்டு ஷீலேயும், 1774-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லியும் இவ்வாயுவைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். பிரான்சு நாட்டின் லவாசியே அதற்குப் பெயரிட்டதோடு, விறகு எரிவதும், உயிரினம் மூச்சுவிடுவதும் அடிப்படையில் ஒரே வகையான செயல் என்று விளக்கினார். அடுப்பில் நடப்பது விரைவான எரிதல். உடலில் நடப்பது மெதுவான எரிதல். இரும்புப் பூட்டை மழையில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறதே, அதுவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நீரின் துணையோடு பிராணவாயு இரும்பிலிருந்து எலெக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்கிறது. எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு துருவாக உதிர்கிறது.

ஆகவே, பிராணவாயுவின் இயல்பு என்ன? எலெக்ட்ரான்களைப் பறிக்கும் வேட்கைதான். அவ்வேட்கையினால்தான் நாம் உண்ட சோறு உடலுக்குள் ஆற்றலாக மாறுகிறது. ஆயினும் இதில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இணையாக இருக்கும். பிராணவாயு மூலக்கூறிலோ இரண்டு எலெக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. இதனால் பிறரிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கும்போது அது பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே வாங்குகிறது. மிக எளிதாகத் தோன்றும் இந்தச் சிறு குறிப்பிலிருந்தே இனி நான் சொல்லப்போகும் நன்மைகளும் தீமைகளும் கிளைக்கின்றன.

ஒரு பிராணவாயு மூலக்கூறு முழுமையாக நீராக மாறுவதற்கு நான்கு எலெக்ட்ரான்கள் தேவை. ஒன்றை மட்டும் பெற்று நின்றுவிட்டால் சூப்பர் ஆக்ஸைடு என்னும் பொருள் உண்டாகும். இரண்டைப் பெற்றால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. மூன்றைப் பெற்றுப் பிளவுண்டால் ஹைட்ராக்ஸில் என்னும் மிகக் கொடிய பொருள். நான்கையும் பெற்றால் தூய நீர். இடையில் தோன்றும் சூப்பர் ஆக்ஸைடும் ஹைட்ராக்ஸிலும் இணையற்ற எலெக்ட்ரானைத் தாங்கியவை. இத்தகையவற்றைத் தனி உறுப்புகள் அல்லது ஃப்ரீ ராடிக்கல்கள் என்பர். துணை தேடித் தவிக்கும் அந்த எலெக்ட்ரான், அருகில் அகப்பட்ட எதிலிருந்தும் தன் துணையைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்ததோ தானும் ஒரு தனி உறுப்பாகி, அடுத்ததைத் தாக்கப் புறப்படும்.

தனி உறுப்புகள் உண்டு என்பதையே உலகம் நெடுநாள் நம்பவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் என்பவர் 1900-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு கரிமத் தனி உறுப்பை நிலைநாட்டினார். அதன் பின்னரும் இவை சோதனைச் சாலைக் குடுவையில் மட்டும் தோன்றுபவை, உயிருள்ள உடலில் இவற்றுக்கு இடமில்லை என்றே பலர் எண்ணினர். 1954-இல் ரெபெக்கா கெர்ஷ்மன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும், மிகையான பிராணவாயு தரும் கேடும் எக்ஸ் கதிர்கள் தரும் கேடும் ஒரே வழியில், அதாவது தனி உறுப்புகளின் வழியில், நிகழ்கின்றன என்று கூறினர். 1956-இல் டென்ஹம் ஹார்மன் என்பவர் முதுமைக்கும் இவையே காரணமாகலாம் என்ற கருத்தை வெளியிட்டார். 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பர் ஆக்ஸைடை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதியை உடலுக்குள்ளேயே கண்டனர். காவல்காரனை நியமித்திருக்கிறார்கள் என்றால் திருடன் உண்டு என்பது பொருளல்லவா? அன்று முதல் ஐயம் நீங்கியது.

உயிரணுவுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கைமாறி, இறுதியில் பிராணவாயுவை அடைகின்றன. கிணற்றடியிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதைப் போன்ற ஏற்பாடு அது. வரிசையின் கடைசியில் நிற்கும் நொதி, நான்கு எலெக்ட்ரான்களும் வந்து சேரும் வரை பிராணவாயுவை விடாமல் பிடித்துக்கொண்டு, நீராக்கியே வெளியே அனுப்புகிறது. ஆனால் எவ்வளவு கவனமாகக் கைமாற்றினாலும் குடத்திலிருந்து சிறிது நீர் சிந்தத்தானே செய்யும்? அவ்வாறு இடைவழியில் சிந்தும் எலெக்ட்ரான்கள் பிராணவாயுவைச் சூப்பர் ஆக்ஸைடாக மாற்றிவிடுகின்றன. ஆகையால் உயிரோடிருக்கும் வரையில் தனி உறுப்புகள் நம்முள் தோன்றிக்கொண்டேதான் இருக்கும். அவற்றை அறவே ஒழிப்பது இயலாது; அடக்கி வைப்பதே இயலும்.

இங்கே இரும்பும் மீண்டும் வருகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தனித்திருக்கும்போது அத்துணைக் கொடியதன்று. அதனோடு கட்டுப்பாடற்ற இரும்பு அயனி சேர்ந்தால் ஹைட்ராக்ஸில் பிறக்கிறது. இரும்புக்கும் பெராக்ஸைடுக்கும் உள்ள இந்த உறவை 1894-இல் ஃபென்டன் என்பவர் கண்டறிந்தார். இதனால்தான் நம் உடல் இரும்பை அவிழ்த்துவிடாமல், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் போன்ற புரதங்களுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

இனி உயிரணுவின் வாயிலுக்கு வருவோம். ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய 7 முதல் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். இச்சவ்வு கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டு அமைந்தது என்பதை 1925-இல் ஹாலந்து நாட்டின் கோர்ட்டரும் கிரெண்டலும் கூறினர். இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை எடுத்து நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பியபோது, அது அவ்வணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு இடத்தை அடைத்தது என்பது அவர்கள் காட்டிய சான்று. இக்கொழுப்பு விறைத்து நிற்கும் சுவரன்று; எண்ணெய் போல் நெகிழ்ந்தது. அதில் புரதங்கள் மிதந்து நிற்கின்றன என்ற படத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் வரைந்து காட்டினர்.

எண்ணெய்ப் படலத்தில் எது எளிதாக நுழையும்? எண்ணெயில் கரையக்கூடிய சிறு மூலக்கூறு நுழையும். பிராணவாயுவும் கரியமில வாயுவும் அத்தகையவை. அவற்றுக்குக் கதவும் வேண்டா, காவலும் வேண்டா. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமே பரவிச் செல்லும். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து தசைக்கும் பிராணவாயு செல்வது இவ்வாறே. சர்க்கரைக்கும் உப்பின் அயனிகளுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவை தமக்கென்று அமைந்த புரதக் கதவுகளின் வழியாகத்தான் புக வேண்டும். நீருக்குங்கூட விரைந்து செல்லத் தனி வாயில் உண்டு. அதனை 1992-இல் பீட்டர் ஆக்ரே கண்டறிந்து, 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கதவுகள் ஆளறிந்து திறப்பவை. நொதியும் அது பற்றும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று 1894-இல் எமில் ஃபிஷர் கூறினார். சவ்வின் கதவுகளுக்கும் அவ்வுவமை பெரும்பாலும் பொருந்தும். ஒரு பூட்டை மற்றொரு பூட்டின் சாவி திறக்காது என்பதே நல்ல பூட்டுக்கு இலக்கணம். பொட்டாசியத்துக்கு அமைந்த கதவு சோடியத்தைப் பெரும்பாலும் மறுத்துவிடுகிறது. சர்க்கரைக்கு அமைந்தது யூரியாவை ஏற்பதில்லை.

சில பொருள்களைக் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு, அதாவது மேட்டை நோக்கி, ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்குக் கமலை இறைப்பது போல் உழைப்பு வேண்டும். விலங்குகளின் உயிரணுக்களில் ஓயாது உழைக்கும் அத்தகைய பம்பு ஒன்றை 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் கண்டார். ஒவ்வொரு சுற்றிலும் அது மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக அவர் 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தப் பம்பை இயக்கும் எரிபொருள் ஏ.டி.பி. என்னும் பொருள். அதனை 1929-இல் ஜெர்மனியில் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லப்பிரகடா சுப்பாராவும் தனித்தனியே கண்டனர். சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சில் இழுத்த பிராணவாயு பெரும்பாலும் இந்த ஏ.டி.பி.யை ஆக்குவதற்கே செலவாகிறது. ஆகவே மூச்சு நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் உப்பும் நீரும் உள்ளே புகுந்து உயிரணு வீங்கி அழியும். பிராணவாயுவுக்கும் சவ்வுக்கும் உள்ள உறவு எத்துணை நெருக்கமானது என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவும் ஏட்டுச் செய்தியாகவே நிற்க வேண்டா. ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சதைப்பற்றுள்ள செதில் ஒன்றின் வெளிப்புறத்தில் ஊதா நிறமாக உள்ள மெல்லிய தோலை உரித்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு நீரோடு வைத்து, பள்ளி நுண்பெருக்கியில் பாருங்கள். செங்கல் அடுக்கியது போல் உயிரணுக்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஊதா நிறத்தால் நிறைந்திருக்கும். இனி ஒரு டம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரில் ஒரு சொட்டை விடுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதைக் காண்பீர்கள். உள்ளிருந்த நீர், உப்பு மிகுந்த வெளிப்புறத்தை நோக்கிச் சவ்வைக் கடந்து சென்றுவிட்டது. இதனைச் சவ்வூடு பரவல் என்கிறோம். உடனே உப்புநீரை ஒற்றி எடுத்துவிட்டு நல்ல நீரை விட்டால் சுருங்கியது மீண்டும் விரியும். நெடுநேரம் உப்பிலேயே விட்டுவைத்தாலோ சவ்வு சிதைந்துவிடும்; பின்னர் எவ்வளவு நல்ல நீர் விட்டாலும் மீளாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வயலைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

தனி உறுப்புகள் சவ்வை எவ்வாறு தாக்குகின்றன? சமையலறையிலேயே அதற்கு உவமை இருக்கிறது. கடலை எண்ணெயைத் திறந்து வைத்து நாட்பட விட்டால் சிக்கு வாடை வீசுகிறதல்லவா? காற்றின் பிராணவாயு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுத்துக்கொண்டே செல்வதால் வருவது அது. சவ்வும் கொழுப்பே ஆகையால் அதற்கும் இந்தச் சிக்கு பிடிக்கும். ஒரு ஹைட்ராக்ஸில் தொடங்கிவைத்த தீங்கு, தீப்பொறி வைக்கோற்போரில் பரவுவது போல் சவ்வின் வழியே பரவும். கெட்டுப்போன சவ்வு ஒழுகத் தொடங்கும். உள்ளிருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறும், வெளியே நிற்க வேண்டியவை உள்ளே நுழையும். பூட்டு எவ்வளவு நல்லதாயினும் கதவுப் பலகை உளுத்துவிட்டால் என்ன பயன்?

இதற்குக் காவல் உண்டு என்று முன்னரே சொன்னேன். சூப்பர் ஆக்ஸைடைப் பெராக்ஸைடாக்கும் நொதி ஒன்று. பெராக்ஸைடை நீராக்கும் கேடலேஸ் என்னும் நொதி மற்றொன்று. சவ்வுக்குள்ளேயே தங்கி, சங்கிலியாகப் பரவும் கேட்டை இடையில் அறுப்பது ஈ வைட்டமின். தன் கடமையில் செலவான ஈ வைட்டமினை மீண்டும் புதுப்பிக்க உதவுவது சி வைட்டமின். கடலை எண்ணெயைவிட நல்லெண்ணெய் நாட்பட நிற்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். எள்ளில் உள்ள செசமால் முதலிய பொருள்கள் அதே காவல் வேலையைச் செய்வதே அதற்குக் காரணம்.

அப்படியாயின் இத்தகைய காவற்பொருள்களை மாத்திரைகளாக வாங்கி விழுங்கிக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; சற்று மிகுந்தே காணப்பட்டது. நோய்க்கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளணுக்கள் தனி உறுப்புகளைத்தாம் ஆயுதமாகக் கொள்கின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று. காய்கறிகளிலும் கனிகளிலும் இயல்பாக உள்ள அளவே பெரும்பாலோர்க்குப் போதும்.

பிராணவாயுவுக்கும் அதே நியதிதான். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக மிகுந்த பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தனர். உயிர் பிழைத்த குழந்தைகளில் ஏறத்தாழ 10,000 பேர் பார்வையை இழந்தனர். வளர்ந்துகொண்டிருந்த விழித்திரையின் இரத்தக் குழாய்களை மிகையான பிராணவாயு குலைத்துவிட்டது. 1951-இல் மெல்போர்னைச் சேர்ந்த கேட் காம்ப்பெல் என்னும் மருத்துவர் இந்த ஐயத்தை எழுப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் முறையான ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. இன்று அளவறிந்து கொடுக்கிறார்கள்; குழந்தையின் கண்ணையும் தவறாமல் சோதிக்கிறார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். உரித்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைப்பது வழக்கம். உப்பு ஏன் காக்கிறது? நீங்கள் நுண்பெருக்கியில் கண்டதே காரணம். அழுகச் செய்யும் கிருமிகளின் உடலிலிருந்தும் உப்பு நீரை உறிஞ்சிவிடுகிறது. பின்னர்த் தோல் பதனிடும் இடத்தில் அவ்வுப்பைக் கழுவி நீக்க வேண்டும். ஒரு டன் தோலைப் பதனிட ஏறத்தாழ 30,000 முதல் 40,000 லிட்டர் நீர் செலவாகும். கிருமியின்மேல் வேலை செய்த உப்பு, கழிவுநீரோடு ஓடை, குட்டை, நிலத்தடி நீர் என்று சென்று, இறுதியில் பயிரின் வேர்மேல் அதே வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உப்புக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் தெரியாது.

உப்பேறிய மண்ணில் நீர் இருந்தும் வேரால் எளிதில் உறிஞ்ச இயலாது. நீர் குறையவே இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். துளைகள் மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. ஆனால் வெயில் மட்டும் நிற்கிறதா? பச்சையம் ஒளியை வாங்கி எலெக்ட்ரான்களை விடுவித்துக்கொண்டே இருக்கும். அவற்றைப் பெற்றுக்கொள்ளக் கரியமில வாயு போதாததால், அருகில் உள்ள பிராணவாயுவின்மேல் அவை விழுந்து சூப்பர் ஆக்ஸைடாகின்றன. அதிலிருந்து பெராக்ஸைடும் ஹைட்ராக்ஸிலும் தோன்றி இலையின் சவ்வுகளைக் கெடுக்கின்றன. மற்றொரு புறம், பொட்டாசியத்துக்கான சில வாயில்களின் வழியே சோடியமும் வேருக்குள் நுழைந்துவிடுகிறது. தாவரங்களில் விலங்குகளுக்குரிய சோடியப் பம்பு இல்லை. ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் பம்பு ஒன்றை இயக்கி, அவை திரும்பி வரும் வேகத்தைக் கொண்டு சோடியத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கும் ஏ.டி.பி. வேண்டும். நீரும் குறைந்து, உணவும் குறைந்து, சவ்வும் ஒழுகும் நிலையில் பயிர் எத்தனை நாள் தாங்கும்? இலையின் ஓரம் கருகுவது இந்த உள்நாட்டுக் கலகத்தின் வெளி அடையாளமே.

எல்லாப் பயிரும் ஒரே அளவில் நலிவதில்லை. மண்ணின் உப்பை மின்கடத்துத் திறனால் அளப்பது வழக்கம். மீட்டருக்கு 7.7 டெசிசீமன்ஸ் வரை பருத்தி பொறுத்துக்கொள்ளும். வெங்காயமோ 1.2-ஐத் தாண்டியவுடனேயே விளைச்சலில் குறையத் தொடங்கும். சின்ன வெங்காயத்தை நம்பி வாழும் நம் வட்டாரத்துக்கு இவ்விரண்டு எண்களின் வேறுபாடு வெறும் கணக்கன்று. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய்.

தோல் பதனிட முற்காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளே பயன்பட்டன. பின்னர்க் குரோமிய உப்பும் வழக்கத்துக்கு வந்தது. பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிறன் கொண்ட குரோமியம். அது சவ்வை எளிதில் கடப்பதில்லை. ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்ஸைடு போன்றவை அதில் ஒரு பகுதியை ஆறிணைதிறன் கொண்ட குரோமேட்டாக மாற்றக்கூடும். குரோமேட்டின் உருவம் உயிரணுவுக்குத் தேவையான சல்ஃபேட்டின் உருவத்தை ஒத்தது. ஆகவே சல்ஃபேட்டின் வாயிலை அது கள்ளச்சாவி போல் திறந்துகொண்டு உள்ளே புகுந்துவிடும். உள்ளே அதற்கு எலெக்ட்ரான்கள் ஏற ஏற, தனி உறுப்புகள் பிறந்து, மரபுப் பொருளையே தாக்குகின்றன. வாயிலில் ஏமாந்தால் வீட்டுக்குள் என்ன நேரும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டா.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் தோல் கழிவால் மாசடைந்ததை ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் தோல் தொழிற் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயன்படாமற்போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது.

தோல் தொழிலை வெறுத்து ஒதுக்குமாறு நான் கூறவில்லை. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. தொழிலும் வாழ வேண்டும், வயலும் வாழ வேண்டும் என்றால் வழி அறிவியலில்தான் கிடைக்கும். திண்டுக்கல்லிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அங்கே கிருமிகளைக் கொண்டு கழிவின் அழுகும் பொருளைக் குறைக்கலாம். கரைந்த உப்பை அவ்வாறு நீக்க இயலாது. அதற்குச் செயற்கைச் சவ்வு வேண்டும். அழுத்தம் கொடுத்து நீரை மட்டும் சவ்வின் வழியே பிழிந்தெடுத்து, உப்பைப் பின்னால் நிறுத்துவது எதிர்ச் சவ்வூடு பரவல். வெங்காயத் தோலில் நீங்கள் கண்டதைத் தலைகீழாக்கும் செயல் அது. எஞ்சிய உப்புச் செறிவை என் செய்வது என்ற கேள்வி அப்போதும் நிற்கும். ஆதலால் கழுவுவதற்கு முன்பே தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பதும், தொடக்கத்திலேயே குறைந்த உப்பைக் கொண்டு தோலைக் காப்பதும் நல்லவை. 1948-இல் தோன்றிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளில் உழைத்து வருகிறது.

மற்றொரு வழியை இயற்கையே காட்டுகிறது. பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் வளரும் அவிசென்னியா என்னும் அலையாத்தி மரம் உப்புநீரிலேயே வாழ்கிறது. மிகுந்த உப்பை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகிறது. அம்மரத்தில் சூப்பர் ஆக்ஸைடை அழிக்கும் நொதிக்கு உரிய மரபணுவைச் சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலார் எடுத்து, நெற்பயிரில் சேர்த்தனர். அப்பயிர் உப்பு முதலிய இடர்களைக் கூடுதலாகத் தாங்கியது என்பதை 2008-இல் வெளியிட்டனர். உப்பைத் தாங்கும் திறனில் தனி உறுப்புகளை அடக்கும் காவலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இது சான்று. ஆயினும் பயிரை மாற்றுவது நீரைக் கெடுப்பதற்கு உரிமம் ஆகாது.

மாணவ மாணவியரே, இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காவிடில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதனை அளக்கும் சிறு கருவி இன்று பேனா அளவில், பள்ளி வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. உங்கள் ஊர்க் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் அளந்து, நாளும் இடமும் குறித்து, ஒரு ஏட்டில் எழுதி வையுங்கள். ஒரு வகுப்பு தொடங்கியதை அடுத்த வகுப்பு தொடரட்டும். சில ஆண்டுகளில் அந்த ஏடு உங்கள் ஊரின் நிலத்தடி நீருக்கு வரலாறாக அமையும். கெடுதல் தொடக்க நிலையில் இருக்கும்போதே தெரிந்தால், சுருங்கிய வெங்காயத் தோல் நல்ல நீரில் விரிந்தது போல் நிலமும் மீளும். காலங்கடந்து தெரிந்தால் அந்த வாய்ப்பு இல்லை. அளந்து பார்த்து எழுதும் பழக்கம் உங்களிடம் இருக்குமானால், நம் வயல்களைக் காக்கும் வேலையின் பாதியை நீங்கள் இப்போதே தொடங்கிவிட்டவர்கள் ஆவீர்கள்.